எத்தனை மாடி என்பதைத் தெருவிடம் கேளுங்கள்

கத்திப்பாரா மேம்பாலத்தின் உச்சியில் வண்டி மெதுவாகும்போது ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டை மாடிகள், அவற்றின் மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டம், யாரோ கத்தி வைத்துச் சீவிவிட்ட மாதிரி. பெரிய சாலைகளை ஒட்டி மட்டும் அங்கொன்று இங்கொன்றாக உயரக் கட்டிடம் நீட்டிக்கொண்டிருக்கும். சென்னையின் ஸ்கைலைன், அதாவது வானத்தை ஒட்டித் தெரியும் கட்டிட வரிசை, ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் அளக்கும் டேப்பை எடுத்துக் காட்டுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சில வருடம் முன்பு ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். ஒரு கிரவுண்ட் மனை, அட்வான்ஸ் மட்டும் கொடுத்திருந்தார். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டி, மகனுக்கும் மகளுக்கும் வீடு, மிச்சத்தை வாடகைக்கு விடுவது என்று திட்டம். பத்திரத்தில் "30 அடி சாலை". நானும் என் உதவியாளரும் போய் கம்பவுண்டுக்குக் கம்பவுண்டு டேப் பிடித்தோம். 26 அடி. ஒரு வீட்டுக்காரர் சாய்தளத்தைத் தெருவில் இறக்கியிருந்தார், இன்னொருவர் சுவரைத் தள்ளிக் கட்டியிருந்தார்.

"பத்திரத்துல 30ன்னு போட்டிருக்கே தம்பி?" என்றார்.

"பத்திரத்துல வண்டி ஓடாதுங்கய்யா."

இந்த நான்கடிக்கு என்ன விலை தெரியுமா? மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் தரைப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்எஸ்ஐ. சாதாரண கட்டிடத்துக்கு அது 2. ஒரு கிரவுண்டுக்கு (2,400 சதுர அடி) 4,800 சதுர அடி கட்டலாம். தெரு 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால், வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிடும் கட்டணம் கட்டி, இன்னும் 30 சதவீதம் வாங்கலாம். அதாவது 6,240. வித்தியாசம் 1,440 சதுர அடி, தாராளமான ஒரு வீடு. 9 மீட்டர் என்பது 29 அடி 6 அங்குலம். 26 அடித் தெருவில் அந்த வீடு கிடையாது. மகளுக்கென்று அவர் மனதில் கட்டிவைத்திருந்த வீடு அதுதான்.

சரி, ஸ்கைலைனுக்கு வருவோம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டிட விதிகளில் முக்கியமான எண் ஒன்று உண்டு: 18.30 மீட்டர். அதற்குள் இருந்தால் சாதாரணக் கட்டிடம், தாண்டினால் உயரக் கட்டிடம். வாகனம் நிறுத்த ஸ்டில்ட், அதன் மேல் ஐந்து தளம் போட்டால் ஏறக்குறைய அந்த உயரம் வந்துவிடும். அதற்கு முன் நான்கு தளம் அல்லது 15.25 மீட்டர்தான் எல்லை. அதனால்தான் பழைய அடுக்குமாடியும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஒரு மாடி வித்தியாசம் தெரிகிறது. கட்டிடத்தின் வயதைச் சொல்ல எனக்கு அது போதும்.

"இன்னும் ரெண்டு மாடி போட்டா என்ன சார்?" என்று கேட்காத ஆளே இல்லை. போடலாம்தான். ஆனால் உயரக் கட்டிடமாகிவிட்டால் சுற்றிலும் 7 மீட்டர் காலியாக விட வேண்டும், தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கு. இதைத்தான் செட்பேக் என்பார்கள். 30 மீட்டருக்கு மேல் போனால் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் இன்னொரு மீட்டர். 40-க்கு 60 அடி மனையில் இதைப் போட்டுப் பாருங்கள். 7 மீட்டர் என்பது 23 அடி, இரண்டு பக்கமும் 46 அடி. மனையின் அகலமே 40 அடி! கட்டிடம் நிற்க இடமே இல்லை. போதாததற்கு முன்னால் குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும், முழு எஃப்எஸ்ஐ 3.25 வேண்டுமென்றால் 18 மீட்டர். கிரவுண்டு கிரவுண்டாகத் துண்டு போட்ட நகரம் 18.30-இல் நின்றுவிடுவதும், ஏக்கர் கணக்கில் நிலமும் அகலமான சாலையும் உள்ள ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் கோபுரங்கள் எழும்புவதும் இதனால்தான்.

1959-இல் மவுண்ட் ரோட்டில் எல்ஐசி கட்டிடம் 177 அடிக்கு எழுந்தபோது நாட்டிலேயே உயரமானது அதுதான். அந்த வரிசையில் நாம் தொடர்ந்து ஏறாததற்குத் துணிச்சல் இல்லாதது காரணம் என்று சிலர் சொல்வார்கள். மனைகளின் அளவைத்தான் நான் காரணம் சொல்வேன்.

மதுரையில் கதை வேறு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி. தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. அது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று முடிவெடுத்துப் போட்ட எல்லை. அங்கே மனை வைத்திருப்பவருக்கு நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த விதி எனக்குப் பிடிக்கும். எதைப் பார்க்க வேண்டும் என்று யோசித்துப் போட்ட விதி அது. சென்னையில் அப்படி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. செட்பேக் கணக்கில் மிஞ்சியதுதான் நம் வானம்.

மீனம்பாக்கம் பக்கம் மனை என்றால் இன்னொரு கணக்கு. ஓடுபாதையைச் சுற்றி சுமார் 4 கிலோமீட்டருக்கு, விமான நிலையத் தரைமட்டத்திலிருந்து 45 மீட்டர்தான் பொது எல்லை. விமானங்கள் ஏறி இறங்கும் நேர்ப்பாதையில் இன்னும் குறையும். விமான நிலைய ஆணையம் தரும் சான்றில் உயரம் கடல் மட்டத்திலிருந்து எழுதியிருக்கும். அதை அப்படியே கட்டிட உயரம் என்று நினைத்துவிடுவார்கள். மனையின் தரைமட்டத்தைக் கழிக்க வேண்டும். அப்புறம், கட்டிட விதியில் தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் அறையும் உயரக் கணக்கில் வராது. விமானக் கணக்கில் ஆன்டெனா நுனி வரை வரும்.

வீடு வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விற்பவர் தரும் வண்ணப் படத்தை நம்பாதீர்கள், முத்திரை வைத்த அப்ரூவல் வரைபடத்தைக் கேளுங்கள். வாசலில் நின்று தளங்களை எண்ணுங்கள். வரைபடத்தில் ஐந்து, கண்ணுக்கு ஆறு என்றால் அந்த ஆறாவது தளம் நிலத்தில் உங்களுக்குள்ள பிரிபடாத பங்கையும் தின்றுகொண்டிருக்கிறது. "அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்", அதாவது விதிமீறலை வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்பார்கள். அதற்கான நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு மட்டுமே. மொட்டை மாடி ஹெட்ரூமை (படிக்கட்டு முடியும் இடத்துக் கூரையை) நாலு சுவர் வைத்து வீடாக்கியதையும் விடாமல் பாருங்கள், அதுதான் எங்கள் ஊரில் அதிகம்.

பெரியவர் அந்த மனையை விட்டுவிட்டார். பேசி அட்வான்ஸை வாங்க ஆறு மாதம் ஆனது. போன மாதம் வேறொரு மனை வாசலிலிருந்து போன் செய்தார். "தம்பி, 31 அடி இருக்கு. நானே பேரனை வச்சு அளந்தேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "எதிர்வீட்டுப் படிக்கட்டையும் சேர்த்து" என்றார்.