திருப்பி ஹேக் செய்யலாமா?

சிங்கப்பூர் தேக்காவில் கணினிக் கடை வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: “வெளிநாட்டுக்காரன் நம்ம சர்வருக்குள்ள புகுந்தா, நாமளும் அவன் சர்வருக்குள்ள புகுந்து எல்லாத்தையும் அழிச்சுட்டா என்ன?”

சட்டப்படி முடியாது. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு எந்த நாட்டுக் கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்தாலும் கணினி முறைகேட்டுச் சட்டம் பாயும். முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். ‘அவன்தான் ஆரம்பித்தான்’ என்பதற்கெல்லாம் விலக்கு கிடையாது.

சரி, வேறென்ன செய்வது? மின்சாரம், தண்ணீர், வங்கி, மருத்துவமனை என 11 துறைகளின் அத்தியாவசியச் சேவைகளைத் தாங்கும் கணினிக் கட்டமைப்புகளை 2018ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் தனியே கவனிக்கிறது. அவற்றின் உரிமையாளர்கள், தாக்குதல் தெரியவந்த 2 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 100,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். நண்பரின் கடைக்கு இந்த 2 மணி நேர விதி இல்லை. ஆனால் 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தனிப்பட்ட தகவல் கசிந்தது உறுதியானால், 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும்.

நாடுகள் மட்டும் தாக்கலாமா என்கிறீர்களா? தாக்கத்தான் செய்கின்றன, பலனும் உண்டு. ஈரானின் நட்டான்ஸ் அணுநிலையத்தில் குண்டு போடாமலே எந்திரங்களைக் கெடுத்தது ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல். ஆனால் அது வெளியே பரவி 2010ல் அம்பலமானது. ஏவுகணை வெடித்தால் தீர்ந்தது. நிரல் அப்படியில்லை, கைக்குக் கிடைத்தவன் எடுத்துப் பயன்படுத்துவான். அமெரிக்க உளவு அமைப்பு என்எஸ்ஏ கைவசம் வைத்திருந்த விண்டோஸ் கணினிகளுக்குள் புகும் ஆயுதம் கசிந்து, 2017 மே மாதம் வானாக்ரை என்ற, பணம் கேட்டு மிரட்டும் தீநிரலாகப் பிரிட்டிஷ் மருத்துவமனைகளை முடக்கியது. அடுத்த மாதமே நாட்பெட்யா என்ற இன்னொரு தீநிரல். குறி உக்ரேன், மாட்டிக்கொண்டதோ மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும்தான். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஊர் நம்முடையது.

யார் அடித்தது என்பதும் லேசில் பிடிபடாது. தாக்குதல் வரும் வழியில் இருக்கும் சர்வர் பெரும்பாலும் ஏமாந்த யாரோ ஒருவருடையது. 2018ல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரம் திருடுபோனபோதும் அரசாங்கம் எந்த நாட்டையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டவில்லை. 2025 ஜூலையில் அமைச்சர் கா. சண்முகம் நம்மைத் தாக்கும் யூஎன்சி3886 என்ற ஹேக்கர் கும்பலின் பெயரைச் சொன்னார், நாட்டைச் சொல்லவில்லை.

நண்பரிடம் சொன்னேன்: பாதிக்கப்பட்ட சர்வரை நெட்வொர்க்கிலிருந்து கழற்றுங்கள், நடந்ததைப் பதிவு செய்யும் லாக் கோப்புகளை அழிக்காதீர்கள், அப்புறம் இணையத் தாக்குதல் புகார்களைக் கவனிக்கும் அரசாங்கக் குழுவான சிங்சர்ட்டுக்குத் தகவல் கொடுங்கள்.