காற்றையும் உப்புத் தண்ணியையும் பார்த்து மூலிகை வையுங்கள்

"மனசு படபடன்னே இருக்குதுங்க, தூக்கமே வர்றதில்ல" என்று வருகிறவர்களுக்கு, சித்த மருத்துவரான நான் மருந்தோடு இரண்டு தொட்டிச் செடியும் வைக்கச் சொல்வேன். "செடி வச்சா தூக்கம் வருமுங்களா?" என்று கேட்பார்கள். இலையால் மட்டும் வராது. காலையில் எழுந்ததும் போனை எடுக்காமல் மண்ணைத் தொட்டுப் பார்ப்பது, துளசியின் பூக்கதிரைக் கிள்ளிவிடுவது, அந்த வாசம் விரலில் இருக்கும்போதே திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்வது எல்லாம் சேர்ந்துதான் மனசைத் தணிக்கும். ஆனால் வைத்த செடி பட்டுப்போனால், சோர்ந்து வந்தவர் இன்னும் சோர்ந்துவிடுகிறார். அதனால் காலம் பார்த்து ஆரம்பியுங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதைப்பது காட்டுக்குச் சரி. மொட்டை மாடிக்கு ஒத்துவராது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று கோவை, பல்லடம், உடுமலை பக்கம் இளஞ்செடியை ஒரே நாளில் வாட்டிவிடும். காற்று அடங்கிய பிறகு, புரட்டாசியில் துளசியும் புதினாவும் மட்டும் வையுங்கள், போதும். சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் தடித்த தண்டாக எடுத்துத் தண்ணீரில் நிறுத்தினாலே வேர்விடும்.

அடுத்த எதிரி போர் தண்ணி, அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணி. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி தீய்ந்திருந்தால் அது உப்பின் வேலை. பலர் இதைத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, அதே தண்ணியை இன்னும் ஊற்றுகிறார்கள். முடிந்தவரை நல்ல தண்ணியோ, உப்புப் போடாத அரிசி கழுவிய தண்ணீரோ விடுங்கள். தென்னை நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு உண்டு. ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே மண்ணோடு கலக்க வேண்டும். ஐப்பசி மழையில் தொட்டிகளை உள்ளே இழுக்காதீர்கள். அடித்துளை அடைக்காமல் இருந்தால், அந்த மழையே உப்பைக் கழுவிவிடும்.

வல்லாரை வைக்க இந்த ஈரமான மாதங்களே தோது. அரை நிழலில் அகலத் தொட்டி வைத்தால் கொடி தானாக ஓடும். சாக்கடை ஓரத்தில் பறித்த வல்லாரையை நான் யாருக்கும் சொல்வதில்லை. கழிவுநீரில் உள்ள உலோகங்களை அது உறிஞ்சிக்கொள்ளும். கார்த்திகை, மார்கழிக் குளிருக்கு மருக்கொழுந்து. அப்போது துளசி வளர்வது குறையும், தண்ணீரையும் குறையுங்கள். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். பங்குனி, சித்திரைக்குப் பச்சை நிழல்வலையும் காய்ந்த இலை மூடாக்கும் போட்டால் தாக்குப்பிடிக்கும்.

அப்புறம், முக்கியமான ஒன்று. தூக்கத்துக்கோ மனநலத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் செடியை நம்பி அதை நிறுத்தவே கூடாது. கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் வல்லாரையை மருந்தாக எடுக்கக் கூடாது. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் அது மயக்கத்தைக் கூட்டலாம், அதனால் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். நர்சரியில் வாங்கிய செடிக்குப் பூச்சி மருந்து அடித்திருப்பார்கள். இருக்கிற இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, புதிதாகத் துளிர்த்ததை மட்டும் சாப்பிடுங்கள்.