நிறைவளர்ச்சி

பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் புதுச்சேரியில் செய்தித்தாளுக்குள் செருகி வரும் மழலையர் பள்ளித் துண்டறிக்கைகளில் ‘முழுக் குழந்தை வளர்ச்சி’ என்ற தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. ‘ஹோல் சைல்ட் டெவலப்மென்ட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. எழுத்தும் எண்ணும் மட்டுமன்றி உடல், மொழி, உணர்வு, பிறரோடு பழகும் பாங்கு ஆகிய அனைத்தும் ஒருசேர வளர வேண்டும் என்பதே மூலத்தின் கருத்து. ‘ஹோல்’ பழைய ஆங்கிலத்தில் ஊறுபடாதது, நலமுடையது என்று பொருள்பட்ட சொல்.

தமிழிலோ ‘முழு’ என்பது பொருட்பெயருக்கு முன் வந்தால் உடைபடாமையைக் குறிக்கும். முழுத் தேங்காய் என்போம். சோற்றில் மறைப்பதும் முழுப் பூசணிக்காயைத்தான். அந்த வரிசையில் முழுக் குழந்தையை நிறுத்தினால், அரைக் குழந்தையை எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ‘முழு மனிதன்’ என்கிறோமே எனச் சிலர் வாதிடலாம். அது வளர்ந்து நிறைந்தவனைச் சுட்டுவது. வளரத் தொடங்கும் பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும்?

‘ஒருங்கிணைந்த வளர்ச்சி’ என்பாரும் உளர். அச்சொல் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் ‘ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்’ என்ற பெயரை நினைவூட்டுவது. அங்கே ஒருங்கிணைந்தவை ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி உள்ளிட்ட ஆறு பணிகளே. குழந்தையின் வளர்ச்சி அன்று. பிரிந்து கிடப்பவற்றைத்தானே ஒருங்கிணைக்க முடியும்? மணலில் வீடு கட்டும் மூன்று வயதுப் பிள்ளை, விரல்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே கொட்டாங்குச்சிக்காகப் பக்கத்துப் பிள்ளையோடு சண்டையிட்டு, பிறகு பேசிச் சமாதானமும் ஆகிறது. இதில் எது உடல் வளர்ச்சி, எது மொழி வளர்ச்சி என்று பிரிப்பது? தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி, மணல்வீட்டுச் சிற்றில் எனப் பருவம் வகுத்த பிள்ளைத்தமிழ் மரபும் குழந்தையைக் கூறுபோடவில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுமுன் தம் ஊரையாவது ஒருமுறை சுற்றிப் பார்த்திருக்கலாம். இங்கே 1943-இல் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை தொடங்கிய ஆசிரமப் பள்ளியின் கல்விக் கொள்கை உடல், உயிராற்றல், மனம், உள்ளுயிர், ஆன்மிகம் என்னும் ஐந்து கூறுகளையும் ஒன்றாகவே நோக்குகிறது. அரவிந்தரின் யோகநெறியை ஆசிரம வழக்கில் ‘பூரண யோகம்’ என்று சொல்கிறார்கள். பூரணம் வடசொல், அதற்கு ஈடாக நம்மிடம் ‘நிறைவு’ இருக்கிறது. ஆகவே ‘குழந்தையின் நிறைவளர்ச்சி’ என்பதே என் பரிந்துரை. புதுச்சொல்லுக்குக் கூசுவோர் ‘குழந்தையின் முழுமையான வளர்ச்சி’ என்று எழுதினாலும் குறையில்லை. அங்கே முழுமை, சேர வேண்டிய வளர்ச்சியோடு சேர்ந்துவிடுகிறது.