ஜன்னல் வெயில் பச்சோந்திக்கு ஏன் பத்தாது?

டொரன்டோவுல இருக்கற ஒரு வாசகர் கேட்டிருக்கார், பையனுக்கு வெயில்டு கமீலியன்னு (veiled chameleon) ஒரு வகைப் பச்சோந்தி வாங்கியாச்சு, கூண்ட வீட்லயே செய்யப்போறோம், ஹால்ல நல்லா வெயில் விழற ஜன்னலோரமா வச்சுட்டா போதாதா, யூவிபி (UVB, புற ஊதா ஒளில ஒரு வகை) குடுக்கற ட்யூப் லைட்டுக்கு அவ்ளோ காசு போடணுமான்னு. போட்டுத்தான் ஆகணும். கூண்டுல எதுல வேணா சிக்கனம் பண்ணுங்க, இதுல மட்டும் வேண்டாம்.

கூண்டு செய்யறது பெரிய வேலை இல்ல. இந்தப் பச்சோந்தி ஏமன், சவுதி மலைப்பக்கத்து மரவாசி, அதனால அகலத்தவிட உயரம்தான் முக்கியம், வளர்ந்ததுக்கு 60 செ.மீ. அகலம், 60 ஆழம், 120 உயரம் வைங்க. மரச்சட்டம் அடிச்சு, துருப்பிடிக்காத அலுமினிய மெஷ், கீழ தண்ணி வடிய ஒரு ட்ரே. குளிர்காலத்துல ஹீட்டர் ஓடி வீட்டுக் காத்து காஞ்சு போகும், அதனால ரெண்டு பக்கம் மட்டும் பலகையோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு மூடலாம். கிண்ணத்துல தண்ணி வச்சா பெரும்பாலும் கண்டுக்காது, இலைல நிக்கற சொட்டத்தான் நக்கிக் குடிக்கும், மணி பிளான்ட், செம்பருத்தின்னு உள்ள செடி வச்சு தண்ணி தெளிச்சு விடுங்க.

இப்ப லைட்டுக்கு வருவோம். ஜன்னல் கண்ணாடி கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்த விட்டுரும், சூட்ட விட்டுரும், யூவிபிய மட்டும் கிட்டத்தட்ட முழுசா நிறுத்திரும். பிராணி சொகமா வெயில் காயும், ஆனா எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி உண்டாகாது, அதுக்கு யூவிபி வேணும். கண்ணாடியே இல்லன்னாலும் அங்க குளிர்காலத்துல பிரயோஜனமில்ல, 1988ல பாஸ்டன்ல சோதிச்சுப் பார்த்தாங்க, நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வெட்டவெளி வெயில்லகூட வைட்டமின் டி உண்டாகற முதல் படியே நடக்கல, டொரன்டோ பாஸ்டனுக்கும் வடக்க இருக்கு.

அந்த முதல் படி என்னன்னு பாருங்க, எனக்கு எத்தனை தடவை படிச்சாலும் அலுக்காத விஷயம் இது. தோல்ல 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால்னு ஒரு மூலக்கூறு இருக்கு, நாலு வளையம் ஒட்டினது. 290லேர்ந்து 315 நானோமீட்டருக்குள்ள இருக்கற யூவிபி ஒளி அதுமேல பட்டா, ஒரு வளையத்துல ஒரே ஒரு பிணைப்பு அறுந்து, வளையல ஒரு எடத்துல வெட்டி விரிச்ச மாதிரி திறந்துக்குது, அதுதான் ப்ரீவைட்டமின் டி3. ஒளியோட வேலை இத்தோட முடிஞ்சுது, அடுத்தது சூட்டோட வேலை. உடம்பு வெதுவெதுப்பா இருந்தாத்தான் அந்த ப்ரீவைட்டமின் மெதுவா, மணிக்கணக்குல, வைட்டமின் டி3யா மாறும், அப்புறம் கல்லீரல், சிறுநீரகம்னு போய் கால்சியத்த உறிஞ்ச வைக்கறதெல்லாம் நீங்க பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். பச்சோந்திக்கு சொந்தமா உடம்புச் சூடு கிடையாதே, அது எப்படி சமாளிக்குதுன்னு கேட்டா, 1995ல இகுவானாங்கற பெரிய பல்லியோட தோல்ல பார்த்தாங்க, இந்த மாற்றம் சும்மா கரைசல்ல நடக்கறதவிட தோலோட சவ்வுக்குள்ள பல மடங்கு வேகமா நடக்குது. சவ்வு அந்த மூலக்கூற சரியான வடிவத்துலயே பிடிச்சு வச்சுக்குது.

இதுல ஒரு பிரேக்கும் இருக்கு. யூவிபி அதிகமானா ப்ரீவைட்டமினே அந்த ஒளிய வாங்கி லூமிஸ்டிரால், டாக்கிஸ்டிரால்னு வேலைக்கு ஆகாத பொருளா மாறிடும், அதனால வெயில்லேர்ந்து வைட்டமின் டி ஓவராகாது. டி3 பவுடர அது திங்கற பூச்சிமேல தூவிக் குடுக்கறப்ப இந்த பிரேக் கிடையாது, அள்ளித் தூவினா ஆபத்துதான்.

2009ல டெக்சஸ்ல பேந்தர் பச்சோந்தின்னு வேற ஒரு வகைய வச்சு ஒரு ஆய்வு வந்துது. சாப்பாட்டுல டி3 கம்மியா கிடைச்சதெல்லாம் யூவி விளக்கு கிட்ட அதிகமா போய் உட்கார்ந்துது, நிறைய கிடைச்சதெல்லாம் ஒதுங்கிக்கிச்சு. தனக்கு எவ்வளவு வேணும்னு அதுவே அளந்து எடுத்துக்குது! பல்லி விளக்குக்கு அடியில உட்காருதான்னு பார்க்கவா ஆராய்ச்சிப் பணம்னு கேக்கறவங்க உண்டு, எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. நம்ம நாட்டுப் பச்சோந்திக்கும் இப்படி ஒரு ஆய்வுக்கு பணம் ஒதுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. நம்ம ஊர்ல அத விஷம்னு சொல்லி கல்லால அடிக்கறாங்க, பச்சோந்திக்கு விஷமே கிடையாதுங்க. அதுக்காக அத வீட்டுக்குப் பிடிச்சிட்டு வரவும் கூடாது, 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அப்ப கூண்டுல நாம பண்ண வேண்டியது, அது அளந்துக்க வழி விடறதுதான். T5ன்னு விக்கற மெல்லிசான யூவிபி ட்யூபையும் சூடு குடுக்கற பல்பையும் மேல மெஷுக்கு வெளிய, பக்கத்துல பக்கத்துல வைங்க, ஒளியும் சூடும் ஒரே எடத்துல கிடைக்கணும். உள்ள பல்ப் வச்சா ஏறி சுட்டுக்கும். 20, 25 செ.மீ. கீழ ஒரு கிளை, அங்க சூடு 29, 30 டிகிரி, யூவி இன்டெக்ஸ், அதாவது யூவி எவ்ளோ பலமா விழுதுங்கற அளவு, 3 கிட்ட. மெஷே மூணுல ஒரு பங்கு யூவிபிய தின்னுடும், அதையும் கணக்குல வச்சுக்குங்க. கிளைக்குக் கீழ அடர்த்தியா இலை, போதும்னு தோணினா உள்ள போய் ஒளிஞ்சுக்கட்டும். டைமர் போட்டு 12 மணி நேரம், ராத்திரி எல்லாமே ஆஃப், சிவப்பு பல்பும் வேண்டாம். ட்யூப் எரிஞ்சிட்டுதான் இருக்கும், ஆனா யூவிபி குறைஞ்சிருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. வைட்டமின் டி பத்தாம எலும்பு கெட்டு கை கால் வளையறது, தாடை இளகறது எல்லாம் ரொம்ப லேட்டா தெரியற அறிகுறி, அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, நடை தடுமாறினாலே ஊர்வன பார்க்கற டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

ஜூன், ஜூலைல மெஷ் கூண்டோட பால்கனில வைங்க, பாதிக் கூண்டு நிழல்ல இருக்கணும், யாராவது கூடவே இருக்கணும். கண்ணாடித் தொட்டில போட்டு மட்டும் வெயில்ல வச்சிறாதீங்க, கொஞ்ச நேரத்துலயே வெந்துரும்.