மியூட்டேஷன்: பிறழ்வா, விகாரமா, திரிபா?

மெதுவா வளர்ற மூளைக்கட்டி, அதான் லோ கிரேடு கிளையோமா, அந்த ரிப்போர்ட்ல "ஐடிஹெச் மியூட்டேஷன் பாசிட்டிவ்"னு (ஐடிஹெச்ங்கிறது ஒரு ஜீனோட பேரு) பாத்ததும் வீட்ல எல்லாரும் இடிஞ்சு போயிடறாங்க, அதையே யாராச்சும் "மரபணுப் பிறழ்வு"ன்னு தமிழ்ல சொல்லிட்டா இன்னும் மோசம், பிறழ்வுன்னாலே தடம் புரண்டதுன்னுதானே மனசு எடுத்துக்கும், அதோட மரபணுன்னு வேற இருக்கே புள்ளைங்களுக்கும் வருமோன்னு கவலை. பொதுவா இது பரம்பரையா வர்றது இல்லைங்க, கட்டியோட செல்லுக்குள்ள மட்டும் நடந்த மாற்றம்.

மியூட்டேஷன் லத்தீன் வார்த்தை. 'மூத்தாரே'ன்னா மாறுதல், அவ்ளோதான். நல்லது கெட்டது எதுவும் அதுல இல்ல. தமிழ்ல சடுதிமாற்றம்னு படிச்சிருப்போம், இலங்கைப் பாடநூல்கள்ல விகாரம். இந்த விகாரம் எனக்கு ரொம்பப் புடிச்ச வார்த்தை, ஏன்னா நன்னூல்ல புணர்ச்சி விகாரம் மூணு: தோன்றல், திரிதல், கெடுதல். பூங்கொடியில ஒரு எழுத்து தோன்றுது, பொற்குடத்துல ஒண்ணு திரியுது, மரவேர்ல ஒண்ணு கெடுது. டிஎன்ஏ எழுத்துலயும் அப்படியே நடக்குது! ஐடிஹெச்1 ஜீன்ல பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்து திரிஞ்சு, புரதத்தோட 132வது இடத்துல ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலத்துக்குப் பதிலா ஹிஸ்டிடின்ங்கிறது வந்து உக்காந்துடுது. 1வது குரோமோசோமோட குட்டைக் கையும் 19வதோட நெட்டைக் கையும் சேர்ந்து காணாம போனா அது கெடுதல், ஆலிகோடெண்ட்ரோகிளையோமாங்கிற கிளையோமா வகைக்கு அடையாளமே அதுதான். என்ன, பேச்சுல விகாரம்னா அசிங்கம்னு ஆயிடுச்சு, அதனால நோயாளிகிட்ட "திரிபு"ன்னு சொல்றதே என் சாய்ஸ்.

2008ல கிளையோமாவுல இந்த ஐடிஹெச் திரிபைக் கண்டுபிடிச்சப்போ தெரிஞ்சது, திரிபு இருக்கவங்க இல்லாதவங்களைவிட அதிக காலம் வாழ்றாங்க. ரெண்டு கைத்துண்டும் சேர்ந்து போன வகையில பத்து வருஷம் தாண்டி வாழ்றவங்க நிறைய. பெரியவங்களுக்கு திரிபே இல்லாம வர்றதுதான் பல நேரம் பயப்பட வேண்டியது, மைக்ராஸ்கோப்ல சாதுவாத் தெரிஞ்சாலும் டெர்ட்ங்கிற ஜீன்ல வர்றது மாதிரி சில மாற்றங்கள் இருந்தா 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாடு அதை கிளையோபிளாஸ்டோமான்னே, அதாவது வேகமா வளர்ற மோசமான வகைன்னே, சொல்லிடுது. ஐடிஹெச் திரிபு இருக்கவங்களுக்கு 2024ல அமெரிக்காவுல வோராசிடெனிப்னு ஒரு மாத்திரைக்கும் அனுமதி கிடைச்சுது.

அடுத்தது பிராக்னோசிஸ், கிரேக்கத்துல முன்கூட்டியே அறியறது. முன்கணிப்புன்னா ஜோசியம் மாதிரி கேக்குது, "நோய்ப்போக்கு"ன்னா சரியா இருக்கும். ஆக அந்த ரிப்போர்ட் வரியை வீட்ல இப்படிச் சொல்லலாம்: "கட்டியில ஐடிஹெச் திரிபு இருக்கு, நோய்ப்போக்கு மெதுவா இருக்க வாய்ப்பு அதிகம்."