பால்வாடியில் தூங்குவதும் பாடம்தான்

"பால்வாடிக்குப் போய் பாட்டுப் பாடுறான், சாப்பிடுறான், தூங்கிட்டு வர்றான். ரெண்டு நாள் போகலேன்னா குடியா முழுகிடும்?" வாசகி ஒருவரின் மாமியார் கேட்டாராம். என்ன பதில் சொல்லட்டும் என்று அந்த வாசகி எழுதியிருந்தார்.

பாட்டு, எண்ணிக்கை எல்லாம் எளிய கதைதான். பத்து வரை கடகடவென்று ஒப்பிக்கும் மூன்று வயதுப் பிள்ளையிடம் புளியங்கொட்டையைக் குவித்து "மூணு எடு" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு கை அள்ளித் தரும். 'மூணு' என்றால் எவ்வளவு என்று பிடிபட மாதக்கணக்கில் ஆகும். ஒரே நாளில் போட்டுத் திணிப்பதைவிடத் தினம் கொஞ்சமாகப் படித்தால்தான் மனதில் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹவுஸ் 1885-லேயே எழுதிவிட்டார். சரி, அது இருக்கட்டும்.

மாமியார் கடைசியாகச் சொன்னாரே, தூக்கம், விஷயமே அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ரெபெக்கா ஸ்பென்சர் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், 40 மழலைப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலையில் ஒரு விளையாட்டு: கட்டம் கட்டமாகப் படங்கள், எந்தப் படம் எங்கே இருந்தது என்று ஞாபகம் வைக்கவேண்டும். ஒரு நாள் மதியம் தூங்கவிட்டார்கள், இன்னொரு நாள் முழித்திருக்க வைத்தார்கள். தூங்கிய நாளில் காலையில் படித்தது அப்படியே நின்றது, முழித்திருந்த நாளில் கணிசமாக மறந்துபோனது, அதுவும் இரவு முழுக்கத் தூங்கி எழுந்தபிறகும் திரும்பி வரவில்லை!

ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் இதுதான். புது ஞாபகம் முதலில் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் ஏறுகிறது. சின்னப் பிள்ளைக்கு அது இன்னும் முழுதாக வளராத குட்டிச் சிலேட்டு, நிரம்பினால் பழையதன் மேலேயே புதியது கிறுக்கப்படும். தூக்கத்தில் மூளையலையில் 'ஸ்பிண்டில்' என்ற துடிப்பு வரும், நொடிக்குச் சுமார் 12 முதல் 15 தடவை படபடத்து ஓரிரு நொடியில் அடங்கிவிடும். சிலேட்டில் உள்ளது மூளையின் வெளி அடுக்கான புறணிக்கு இடம் மாறும் வேலையில் இதற்குப் பங்கு உண்டு. அந்த ஆய்விலும் ஸ்பிண்டில் நெருக்கமாக வந்த பிள்ளைகளுக்குத் தூக்கத்தால் கிடைத்த லாபம் அதிகம். தினமும் மதியம் தூங்கிப் பழகிய பிள்ளைகள்தான், தூக்கம் கெட்ட நாளில் அதிகம் மறந்தார்கள்.

இங்கே என்னடாவென்றால் பகலில் தூங்கினால் பிள்ளை மந்தமாகிவிடும் என்று எழுப்பி உட்கார வைக்கிறோம். இந்தச் சோதனையில் மூளையலை அளப்பதை விட்டுவிட்டால், பட விளையாட்டுக்குப் பெரிய நிதியெல்லாம் வேண்டாம், படச்சீட்டும் பாயும் போதும். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன, நம் பல்கலைக்கழகங்கள் செய்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

ஆக மாமியாருக்குச் சொல்லவேண்டியது: தினமும் அனுப்புங்கள், சாப்பாடு முடிந்த கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வந்தே ஆகவேண்டுமென்றால் கடைக்குக் கூட்டிப்போகாமல் வீட்டில் படுக்க வையுங்கள். அஞ்சு வயதை ஒட்டிப் பல பிள்ளைகளுக்கு மதியத் தூக்கம் தானாகவே நின்றுவிடும், அப்போது அதட்டித் தூங்க வைக்கவும் வேண்டாம்.