501ஆவது யூனிட்டின் விலை 243 ரூபாய்

கோடை மாதங்களுக்கு எங்கள் வீட்டில் மின்சார ரீடிங் எடுத்தபோது வந்தது 507 யூனிட். கட்டவேண்டிய தொகை 2,099 ரூபாய். அதற்கு முந்தைய தடவை 496 யூனிட், 1,780 ரூபாய். யூனிட்டில் வித்தியாசம் 11தான், ரூபாயிலோ 319. ரீடிங்கைத் தப்பாக எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டதும் புரிந்தது, தப்பு அவர்களிடம் இல்லை.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். அதில் முதல் 100 யூனிட் இலவசம். இது 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் உண்டு. விண்ணப்பம், வருமானச் சான்று எதுவும் வேண்டாம், பில்லிலேயே கழிந்து வரும். அதற்குமேல், 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய்.

501ஆவது யூனிட் ஓடியதும் இரண்டு காரியம் நடக்கிறது. அந்த ஒரு யூனிட்டுக்கு 8.40 ரூபாய். அது பரவாயில்லை. ஆனால் 2.35 என்ற சலுகை விலை 500க்குள் நிற்பவர்களுக்கு மட்டும்தான். தாண்டிவிட்டால் அந்த இரண்டாவது நூறுக்கும் 4.70 போட்டு, 235 ரூபாயைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். ஆக அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. 600ஐத் தாண்டினால் 9.45, 800க்குமேல் 10.50, ஆயிரத்துக்குமேல் 11.55 என்று ஏறிக்கொண்டே போகும். ஆனால் பழைய யூனிட்டுக்கும் சேர்த்து விலை மாறுவது 500இல் மட்டும்தான்.

அதனால் 450க்கும் 550க்கும் நடுவில் ஊசலாடுகிற வீடுகளுக்குத்தான் சிக்கனம் உடனே காசாகத் தெரியும். பில் வந்தபிறகு தலையில் கைவைத்துப் பயனில்லை. ரீடிங் எடுத்த முப்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். எண்கள் மாறி மாறி ஓடும், தேதி வரும், வோல்டேஜ் வரும், கே.டபிள்யூ.எச். என்று காட்டுகிற எண்ணில் போன ரீடிங்கைக் கழித்தால் ஆச்சு. 250க்குள் இருந்தால் கவலை இல்லை. நான் இப்போது மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் குறித்து வைக்கிறேன்.

சரி, எதைக் குறைப்பது? 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன், 30 வாட், என்றால் 18 தான். ராத்திரி முழுக்க ஓடுகிற ஒரு ஃபேனை மட்டும் மாற்றினாலே 27 யூனிட் மிச்சம். எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. கீசர் 2,000 வாட். தினம் அரை மணி போட்டால் 60 யூனிட் போய்விடும். ஏசியை 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

எங்கள் வீட்டில் ஓட்டை இருந்தது வேறு இடத்தில். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனால், மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து சன்ஷேடில் சொதசொதவென்று விழும் சத்தம் கேட்ட பிறகுதான் நிறுத்துவோம். தோட்டமா இருக்கிறது பாய? நேராக சாக்கடைக்குத்தான். 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 யூனிட் இழுக்கும். தினம் 15 நிமிடம் வழிந்தால் இரண்டு மாதத்தில் 15 யூனிட். எங்களை 500க்கு மேலே தள்ளிய 7 யூனிட்டும் அதற்குள்தான் இருந்திருக்கிறது! தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் மிதவை சுவிட்ச் வைத்த பிறகு அந்தச் சத்தம் இல்லை.

கழிவறை ஃப்ளஷ் தொட்டியையும் பாருங்கள். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நாலு சொட்டு அதில் விட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது. அப்படி ஒழுகுகிற தண்ணீரையும் மோட்டார்தானே மேலே ஏற்றியது?

அப்புறம் வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. இலவச 100 யூனிட், 500 வரம்பு எல்லாமே இணைப்புக்குத்தான், ஆள் தலைக்கு இல்லை. மாடியும் கீழும் இரண்டு குடும்பம், குடும்பத்துக்கு 300 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் தனித்தனியாக இருந்தால் ஒரு வீட்டுக்கு 705 ரூபாய், இரண்டுக்கும் சேர்த்து 1,410. ஒரே மீட்டரில் ஓடினால் அதே 600 யூனிட்டுக்கு 2,880. உள்ளே ஒரு சப்-மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலிக்கிற வீடுகளில் இந்தச் சுமை குடியிருப்பவர் தலையில்தான் விழும். ஒரே குடும்பம் இலவசத்துக்காக இரண்டு மீட்டர் வைத்துக்கொள்வது வேறு கதை. அதை மின்வாரியத்தார் கண்டால் ஒன்றாக்கிவிடுவார்கள். ஆனால் தனிச் சமையலறை, தனி வாசல் உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்கித் தரச் சொல்லி ஓனரிடம் கேட்பதில் தப்பே இல்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.